வெள்ளம் வந்தாச்சு

சஜின் அனுப்பியது ஒரே ஒரு வரிதான். அதற்குள் சென்னை தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்துவிட்டது.

"சஜின், நான் ஹெச்.ஆர். முத்துக்கனி பேசறேன். 'வெள்ளம் வந்தாச்சு'ன்னு குரூப்ல போட்டது நீங்கதானே?"

"ஆமா மேடம். காலையிலேயே வந்தாச்சு."

மறுமுனையில் போனை ஸ்பீக்கரில் போடும் சத்தம் கேட்டது.

கிரைண்டர் கம்பெனியின் நாகர்கோவில் கிளையில் இரண்டு நாளாக மோட்டார் ரிப்பேர். கை கழுவக்கூட வழியில்லை. அன்று காலைதான் சரிசெய்தார்கள். குழாயில் தண்ணீர் கொட்டியதைப் பார்த்த சஜின் அந்த நல்ல செய்தியை உடனே மேலிடத்துக்குச் சொன்னான். அவன் கேரள எல்லைப் பக்கம் கருங்கல் என்கிற ஊர்ப் பையன். குடிக்கிறதும் வெள்ளம், குளிக்கிறதும் வெள்ளம், உலையில் வைக்கிறதும் வெள்ளம் என்று பேசி வளர்ந்தவன். சென்னையில் அந்த வார்த்தைக்குப் படகு வரும் என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. போன வாரம் முத்துக்கனி மேடம்தான் புதிதாகச் சேர்ந்த பட்டதாரிகளுக்கெல்லாம் வீடியோவில் அறிவுரை சொன்னார். "எதுவா இருந்தாலும் உடனே மேல சொல்லுங்க. இங்கிலீஷ்ல தப்பா எழுதறதைவிட, வீட்டுல பேசற தமிழ்ல எழுதுங்க. மேலிடம் ஒண்ணு சொன்னா முதல்ல செய்யுங்க, காரணத்தை அப்புறம் கேளுங்க." நடுவில் எம்.டி.யின் தலை திரைக்குள் நுழைந்தது. "முத்துக்கனி, லீவு கேட்டிருக்கீங்களே, கோயில் கொடையா? கொடைன்னா நன்கொடைதானே? ஜிபேல அனுப்பிடுங்க. லீவெல்லாம் கிடையாது." கொடை என்றால் திருவிழா என்று மேடம் சொல்வதற்குள் தலை வெளியே போனது. மேடம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அறிவுரையைத் தொடர்ந்தார். சஜின் அறிவுரையை மட்டும் மனசில் ஏற்றிக்கொண்டான்.

கடைசி அறிவுரைதான் அவனுக்குப் பெரிய சோதனை. எதற்கெடுத்தாலும் "ஏன்?" என்று கேட்கிற பிறவி அவன். ஞானஸ்நானத்தின்போதே போதகரை ஒரு மாதிரியாகப் பார்த்தான் என்று அவன் அம்மா சொல்வாள். ஆனால் இந்த வேலை நிலைக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து மேடம் கொடுக்கிற ரிப்போர்ட்டில் பிசகு வந்தால், குவைத்தில் மாமா கடைக்கு அவனை ஏற்றிவிட அப்பா தயாராக நின்றார். சஜினுக்குக் குவைத் வேண்டாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிற வேலை போதும்.

"எவ்வளவு வந்திருக்கு சஜின்?" மேடம் கேட்டார்.

"நல்லா வருது மேடம். மாடி டேங்கு வரைக்கும் ஏறியாச்சு."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி விழுந்தது. "மாடி வரைக்குமா!" என்றது எம்.டி.யின் குரல். "டிவியில ஒண்ணும் காட்டலையே?"

"கன்னியாகுமரியை எந்த டிவி சார் காட்டுது?" என்றார் மேடம்.

எம்.டி. போனைப் பிடுங்கிக்கொண்டார். "தம்பி, எல்லாரும் எப்படி இருக்கீங்க?"

"ரொம்ப சந்தோஷமா இருக்கோம் சார். ரெண்டு நாளா இதுக்குத்தான காத்துட்டு இருந்தோம்."

"என்ன மனதைரியம்! தம்பி, குடோன்ல இருக்கிற கிரைண்டரை எல்லாம் உடனே மாடிக்கு ஏத்துங்க!"

'ஏன்?' சஜினின் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டான். "சரி சார்."

கிளை மேலாளர் ஆன்ட்ரூஸ், மகளின் பிரசவத்துக்காக நெய்யூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். போன் அணைந்திருந்தது. கிளையில் மிச்சம் இருந்தது சஜினும், குடோனைப் பார்த்துக்கொள்ளும் ஜெபமணியும்தான்.

"என்னத்துக்கு மக்கா இதெல்லாம் மாடிக்கு?" என்றார் ஜெபமணி, முதல் கிரைண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டே.

"காரணத்தைப் பெறவு கேக்கணும் அண்ணா."

"முதுகு ஒடிஞ்ச பெறவா?"

பாதி கிரைண்டர் ஏறியபோது மாடிப்படியில் சலசலவென்று சத்தம். மோட்டாரை நிறுத்த இருவருமே மறந்துவிட்டார்கள். டேங்க் நிரம்பி, மாடி வழிந்து, படி படியாகத் தண்ணீர் இறங்கி வந்தது. ஜெபமணி வழுக்கி உட்கார்ந்தார். மடியில் கிரைண்டர்.

அந்த நேரம் பார்த்து எம்.டி. போட்டோ கேட்டார். சஜின் எடுத்து அனுப்பினான். தொப்பலாக நனைந்த ஜெபமணி, படியில் அருவி, கம்பெனியின் சொத்தைக் குழந்தைபோல் அணைத்த கை.

போன் அலறியது. எம்.டி.யின் குரல் கரகரத்தது. "அந்தப் பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. வெள்ளம் எந்த ஆத்துலேருந்து வருது?"

"ஆறா? மோட்டார் சார்."

"மோட்டார் வெச்சு இறைக்கிறாங்களா? நல்லது. போட் அனுப்பட்டுமா?"

போட்? அப்போதுதான் சஜினுக்கு உறைத்தது. ஆறு, போட், மாடி, கிரைண்டர் எல்லாம் ஒரே நூலில் வந்து சேர்ந்தன.

"சார், சார்! இது அந்த வெள்ளம் இல்ல சார். இது குடிக்கிற வெள்ளம்!"

"கடவுளே! முத்துக்கனி, வெள்ளத்தையே குடிக்கிறாங்களாம்!"

"ஐயோ, நாங்க எப்பவும் அதைத்தான் சார் குடிக்கோம்!"

"வருஷா வருஷமா! எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே தம்பி!"

"தண்ணி சார்! வெறும் தண்ணி!"

"போட்டோவில பார்த்தேன்ப்பா. எங்க பார்த்தாலும் தண்ணி."

சஜினுக்கு அழுகையே வந்துவிட்டது. "மேடத்துகிட்ட குடுங்க சார். மேடம், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

"புரியுது சஜின்," என்றார் மேடம் அமைதியாக. "நீங்க எதையும் மாத்தி எழுத வேண்டாம். போட்டது அப்படியே இருக்கட்டும்." பிறகு அந்தப் பக்கம் திரும்பி, "சார், பையன் ரொம்பக் குழம்பியிருக்கான். போட்டெல்லாம் அப்புறம். நேர்ல யாராவது போய்ப் பார்க்கணும் சார்."

"யாரோ என்ன யாரோ! நீங்களே கிளம்புங்க. எத்தனை நாள் ஆனாலும் இருந்து பார்த்துட்டு வாங்க!"

அன்று வீட்டில் சஜினுக்குச் சோறு இறங்கவில்லை. குவைத்தில் ரொம்ப வெயிலா என்று அப்பாவிடம் கேட்டான். அப்பா அவனை விசித்திரமாகப் பார்த்தார்.

மறுநாள் காலை நாகர்கோவிலில் வெயில் பல்லைக் காட்டியது. கிளை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முத்துக்கனி மேடம் இறங்கினார். பட்டுச்சேலை, தலை நிறையப் பிச்சிப்பூ. வெள்ளம் பார்க்க வருகிறவர் பட்டு எதற்குக் கட்டினார் என்று சஜினுக்குக் கேட்கத் தோன்றியது. வழக்கம்போல் விழுங்கிக்கொண்டான். ஆட்டோவின் பின்னாலிருந்து போர்வைகளும் மெழுகுவர்த்திகளும் ஒரு மூட்டை ரஸ்க்கும் இறங்கின. ஜெபமணி ரஸ்க்கை வாங்கிக்கொண்டு காரணம் கேட்காமல் நகர்ந்தார்.

மேடம் காய்ந்து கிடந்த முற்றத்தைப் பார்த்தார். மாடியில் அடுக்கியிருந்த கிரைண்டர்களைப் பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"எம்.டி. உங்களைப் பத்திதான் பேசிட்டிருக்கார், சஜின். ஆபத்துல சரக்கைக் காப்பாத்தின பையனாம். இந்த மாசமே வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிட்டார். நான் ரிப்போர்ட் எழுதினா போதும்."

சஜினுக்கு ஒரு நிமிஷம் உலகமே இனித்தது. பேசாமல் தலையாட்டிவிட்டால் என்ன? குவைத்தும் இல்லை, மாமாவும் இல்லை. ஆனால் பொய்யில் கிடைத்த வேலையில் தினமும் வந்து எப்படி உட்காருவது?

"வேண்டாம் மேடம்," என்றான். "இங்க ஒண்ணுமே நடக்கல்ல. மோட்டார் சரியாச்சுன்னுதான் நான் எழுதினேன். எங்க ஊர்ல தண்ணியைத்தான் வெள்ளம்னு சொல்லுவோம். ஒங்களுக்கு அது தெரியாதுன்னு எனக்குத் தோணாம போச்சு. தப்பு எனக்கதுதான். நான் வேலையை விட்டுட்டுப் போறேன்."

மேடம் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். மின்விசிறிக்குக் கீழே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரிப்போர்ட்டு எல்லாம் ரயில்லயே எழுதியாச்சு மக்கா. போ, குடிக்க இத்திரி வெள்ளம் எடுத்துட்டு வா. இங்க பக்கத்துல ஈத்தாமொழியில எங்க அம்மன் கொடைக்கு மேளம் தொடங்கியாச்சு."