கங்கப்பன் மகன் தணிகாசலம்

பேரனுக்குத் தாத்தா பேரை வைக்கிற வழக்கத்தை முதலில் கொண்டுவந்தவன் யாரென்று தெரிந்தால், அவன் வீட்டுக்கே போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவேன். அவன் எப்போதோ செத்திருப்பான். அவனுக்குப் பேரன் இருப்பான் அல்லவா, அதே பேரோடு? அவனைக் கேட்பேன்.

என் பேர் தணிகாசலம். என் தாத்தா பேரும் அதுதான். திருத்தணியில் இந்தப் பேர் எத்தனை பேருக்கு என்று தெரிய வேண்டுமானால் பஸ் ஸ்டாண்டில் நின்று ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். டீ ஆற்றுகிறவர் திரும்புவார், பூக்கடைக்காரர் திரும்புவார், கிளம்பிய பள்ளிப்பட்டு பஸ்ஸே நின்றுவிடும். இது தெரிந்தும் ஒருவன் பேரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தாத்தாவைத் தேடிப் போனான் என்றால் அவனை என்னவென்று சொல்வது? (நான்தான். சொல்லுங்க, பரவால்ல.)

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துப் பிழைத்தவன் நான். பள்ளிக்கூடத்துக்கும் அடித்திருக்கிறேன். எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவுதான். சுவரில் விளம்பரம் எழுதுகிறவர்கள் பக்கத்தில் நின்று தமிழ் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். அதனால் இன்றைக்கும் சின்ன எழுத்து எனக்கு ஓடாது, ஆள் உயரம் இருந்தால் படிப்பேன்.

என் மகன் முருகேசனுக்கு ஒரே பெண், பவித்ரா. அவளுக்குப் பள்ளிப்பட்டுப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. நிலம், போர்வெல், டிராக்டர் எல்லாம் இருக்கிற வீடு. மாப்பிள்ளையின் அப்பா ஜெயராமன் பெண் பார்க்க வந்தவர், டீயைக் குடித்துக்கொண்டே கேட்டார்.

"உங்க பெரியவங்கள்லாம் இன்னா பண்ணிகினு இருந்தாங்க?"

மனுஷன் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் அது சாதாரணமாக இறங்கவில்லை.

"வெவசாயம்" என்றேன். "எங்க தாத்தாவுக்கு உங்க பக்கந்தான் நெலம்."

இதில் பொய் இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன். அப்பாவை நாங்கள் நைனா என்போம். என் நைனா சாப்பிட உட்கார்ந்தால் சொல்லுவார்: "பள்ளிப்பட்டுப் பக்கம் பாறை ஓரமா ஒரு கெணறு. எங்க நைனா அங்க கவலை ஓட்டுவாரு பாரு, மாடு ரெண்டும் அவரு பாட்டுக்குத்தான் நடக்கும்." கவலை என்றால் மாடு பூட்டித் தோல்சாலில் தண்ணீர் இறைப்பது. மாடு சரிவில் இறங்கும்போது ஓட்டுகிறவர் வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார், அந்தக் கனத்தில் சால் மேலே வரும். இதையெல்லாம் நைனா விலாவாரியாகச் சொன்னார். கிணறு யாருடையது என்று மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் மேலேயும் எனக்குக் கோபம்தான்.

"நைனா, எதுக்கு உனுக்கு இந்த வேலை? அவங்க பொண்ண கேட்டாங்களா, நெலத்த கேட்டாங்களா?" என்றான் முருகேசன்.

"நாளைக்கு அந்த வூட்ல எவளாவது ஒருத்தி எம் பேத்திய இல்லாத வூட்டுப் பொண்ணுன்னு சொல்லட்டும், அப்போ தெரியும் உனுக்கு."

அதுதான் என் பயம். நிலத்துக்குப் பதிலாக ஒரு காகிதமாவது அவளோடு போகட்டும் என்று நினைத்தேன்.

தெரிந்த பத்திர எழுத்தர் ஒருவரிடம் போனேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கமெல்லாம் சித்தூர் ஜில்லா, பத்திரம் எல்லாம் தெலுங்கு. எனக்குத் தெலுங்கு பேச வரும், திட்ட வரும், படிக்க வராது. அவர் பொறுமையாக மனுப் போட்டு, தேடி, பாறையும் கிணறும் இருக்கிற ஒரு பழைய கிரயப் பத்திரத்துக்கு நகல் வாங்கிவிட்டார். வாங்கியவர் பேர் தணிகாசலம்.

"பெரியவரே, அப்பா பேரு கங்கப்பன்னு போட்டுக்கீது. உங்க தாத்தாவோட அப்பா பேரு இதுதானா?"

எனக்கு எங்கே தெரியும்? தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஆங், கங்கப்பன்தான்" என்றேன்.

"நல்லா யோசனை பண்ணிச் சொல்லுங்க. இந்தப் பேர்ல நெறைய பேரு இருப்பாங்க."

"எங்க தாத்தாவ எனக்குத் தெரியாதா? நீ சின்னப் பையன், எனக்குச் சொல்லித் தர்றியா?"

நல்லது சொன்ன மனுஷனிடம் நான் காட்டிய மரியாதை இது. வீட்டுக்கு வந்து கங்கப்பனைப் பற்றி என் மனைவியிடம் அரைமணி நேரம் பேசினேன். கொஞ்சம் கோபக்காரர், ஆனால் தர்மவான் என்றேன். பத்திரத்தில் அப்படி ஒரு வரியும் கிடையாது. மறுநாளே நகலுக்கு லேமினேஷன் போட்டேன். (ரெண்டு பக்கமும். தண்ணி பட்டாலும் போவாது. மானம்தான் போச்சு.)

நிச்சயதார்த்தம் மலையடிவாரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில். தட்டு மாற்றப் போகிற நேரம். ஐயர் வாயைத் திறக்குமுன் நான் திறந்தேன்.

"சம்மந்தி, ஒரு நிமிசம். அன்னைக்குக் கேட்டீங்களே" என்று பையிலிருந்து எடுத்து நீட்டினேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் நகரிக்காரர், தெலுங்கு படித்தவர். அவரையே உரக்கப் படிக்கச் சொன்னேன். எனக்கு மைக் கிடைக்கவில்லையே என்று வருத்தம் வேறு.

அவர் படித்துத் தமிழில் சொன்னார். "கங்கப்பன் மகன் தணிகாசலம் வாங்கினது. கெழக்கால வாய்க்கா, மேற்கால பாறை, வடக்கால வண்டிப்பாதை, தெற்கால ஏரிக்கரை..." போகப் போக அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிலத்தின் அருமையில் மலைத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்து நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"மாமா, இது நம்ம பாறைக்கொல்லி நெலம்" என்றார் நகரிக்காரர், ஜெயராமனிடம்.

முன்வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அலமேலம்மா எழுந்தார். ஜெயராமனுக்கு அத்தை, எனக்கும் மூத்தவர்.

"கங்கப்பன் மவன் தணிகாசலம் எங்க அப்பாய்யா. அவரு உனுக்கு எப்படித் தாத்தா ஆவாரு?"

நகலைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன். நகரிக்காரர் தரவில்லை.

"எங்க அம்மா உயிரோட இருக்கும்போதே இன்னொரு குடும்பமா? எந்த ஊர்ல வெச்சிருந்தாரு? சொல்லு."

"அத்தை, அத அப்புறம் பாக்கலாம், மொதல்ல மொறைய பாரு" என்று ஜெயராமன் விரலை மடக்கினார். "இவரு உங்க அப்பாவுக்குப் பேரன்னா எனக்கு அண்ணன். இவரு பையன் எனக்கு மவன். அப்போ எம் பையனும் முருகேசனும் அண்ணந் தம்பி." அவர் கடைசி விரலை மடக்கவே இல்லை. "மாப்பிள்ள பொண்ணுக்குச் சித்தப்பன்."

பவித்ரா தலையைக் குனிந்துகொண்டாள். பங்காளி வீட்டில் பெண் எடுக்கிறவர்கள் எங்களில் கிடையாது. குலதெய்வம் வேறு வேறு என்றாலாவது தப்பிக்கலாம். பொருத்தம் பார்த்த அன்று ரெண்டு வீடுமே மலைமேல் இருக்கிற முருகனைத்தான் காட்டியிருந்தது. தட்டுகள் பூவோடும் பழத்தோடும் அப்படியே நடுவில் இருந்தன.

"இல்லீங்க, அவரு எங்க தாத்தா இல்ல" என்றேன்.

"இப்பத்தான படிக்கச் சொன்னீங்க" என்றார் நகரிக்காரர். "காலையில கங்கப்பன் தர்மவான்னு எங்கிட்டச் சொன்னீங்க."

"அது நானா கட்டிச் சொன்னதுங்க."

"கல்யாணம் நிக்கப் போதுன்னு இப்போ மாத்திப் பேசறீங்க. எத நம்பறது?"

முருகேசன் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் சாப்பாடு இறங்காது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. யார் மேல் காட்டுவது? கங்கப்பன் மேல் காட்டினால் அவர் பேத்தி எதிரிலேயே நிற்கிறார். இருந்தது ஒரே வழி. மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"எங்க தாத்தாவுக்கு நெலமே கெடையாது. குந்த ஒரு கூரை, அதுவும் ஒழுகும். அவரு கூலிக்குக் கவலை ஓட்டுனவரு. போதுமா?"

கத்தும்போதுதான் எனக்கே புரிந்தது, நைனா சொன்னதெல்லாம் இதைத்தான் என்று.

அலமேலம்மா வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். "உங்க பாட்டி பேரு இன்னா?"

"ராஜம்மா."

"ராஜம்மாவா? மத்தியானத்துல தலைமேல கூழ்ப்பானை வெச்சிகினு வருமே, மூக்குல ரெண்டு பக்கமும் குத்திகினு?"

"ஆங். அதே."

"அட, கவலைக்காரத் தணிகாசலம் பேரனாய்யா நீ?" அவர் குரலே மாறிவிட்டது. "எங்க அப்பா பேரும் அதுதான்னு அவர நாங்க கவலைக்காரருன்னுதான் கூப்புடுவோம். நான் பாவாடை கட்டின வயசு. வடத்து மேல மடியில உக்கார வெச்சிகினு எறங்குவாரு. பாட்டு ஒன்னு பாடுவாரு, கெட்டப் பாட்டு. எங்க அம்மா வந்து திட்டும்."

மண்டபம் சிரித்தது. எனக்கு அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை. நிலம் சரி, பாறை சரி, கிணறு சரி. ஆள்தான் வேறு. நைனா பாடிக் காட்டியதும் இல்லை.

"பங்காளியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்றார் அலமேலம்மா. "எங்க அம்மா சாமி மாதிரி, அதுக்கு ஒரு சக்களத்திய கொண்டாந்துட்டியேய்யா அரை நாழில. தட்ட மாத்துங்கடா."

தட்டை மாற்றினார்கள். பவித்ராவை அந்த வீட்டில் யாரும் இல்லாத வீட்டுப் பெண் என்று ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லவே தேவையில்லை என்று ஆக்கிவிட்டேன், நானே மண்டபத்தில் கத்திவிட்டேன். ஆனால் மாப்பிள்ளைக்கு அன்றைக்கே சித்தப்பா என்று பேர் விழுந்தது. மச்சான்மார் கூப்பிட்டார்கள், ஜெயராமன் கூப்பிட்டார், கடைசியில் பவித்ராவே போனில், "தாத்தா, சித்தப்பா உன்ன கேட்டாருன்னு சொல்லச் சொன்னாரு" என்கிறாள். கோபத்தில் போனை வைத்துவிடுவேன். மறுபடியும் அடிப்பாள்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, இப்போது நன்றாகப் பேசுகிறது. வீட்டில் எல்லோரும் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அதுவும் பெற்ற அப்பனைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறது. போன ஆடிக் கிருத்திகைக்கு மலைப்படியில், கூட்டத்தில் அவன் ரெண்டு படி முன்னால் போய்விட, இது "சித்தப்பா, சித்தப்பா" என்று ஊர் கேட்க அழுதது. பக்கத்தில் காவடி எடுத்து வந்த ஒரு அம்மா, "அழாத கண்ணு, உங்க அப்பா எங்க?" என்றாள்.

"சித்தப்பாதான் அப்பா" என்றது குழந்தை.

அந்த அம்மா பவித்ராவை மேலும் கீழும் பார்த்தாள். பவித்ரா என்னைப் பார்த்தாள். காவடியோடு ஒரு பெண்பிள்ளை பதிலுக்குக் காத்து நிற்கும்போது வேறு என்ன செய்ய? மூச்சு வாங்க, படியில் உட்கார்ந்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

"எங்க தாத்தா கூலிக்குக் கவலை ஓட்டுனவரும்மா..."