ஒரே மேசையை இருவருக்கு விற்ற விஷயமாக மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் கடையும் நலம். அங்கே நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் உங்கள் நலம் எங்கள் வீட்டுப் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும்போது அதை உங்களிடம் எப்படிக் கேட்பது? இன்று கடைக்கு விடுமுறை. நான் எழுந்ததிலிருந்து அந்தக் கதவு திறக்கவில்லை, உள்ளே ஒரு சத்தமும் இல்லை. என் மகளுடைய கோபம் இன்னும் இறங்கவில்லை என்று தெரிந்துகொண்டு, கூடத்தில் அந்தக் கதவுக்கு எதிரேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியம் சொன்னால் உங்கள் அத்தை பக்கத்தில் நின்று இரண்டு வாக்கியம் திருத்துவாள்.

முதலில் நம் பர்னிச்சர் கடை விஷயம். நீங்கள் எழுதிக் கொடுத்த பழைய சாப்ட்வேரில் முன் கவுண்டரும் பின்கூடத்துக் கவுண்டரும் உள்ளறைக் கம்ப்யூட்டரில் மொத்தக் கணக்கும் இருக்கிற டேட்டாபேஸோடு காலையில் கனெக்‌ஷன் போட்டால் கடை மூடும்வரை அப்படியேதான் இருக்கும். அதில் ஒரு வசதி, யார் எதை விற்றாலும் மற்றவருக்கு உடனே தெரியும். ஒரு தொல்லை, யாராவது ஒரு சாமானின் பக்கத்தைத் திறந்து திருத்த ஆரம்பித்துவிட்டால் அவர் மூடும்வரை அடுத்தவர் அதைத் தொட முடியாது. நம் சேல்ஸ்மேனைத்தான் உங்களுக்குத் தெரியுமே, கடையில் எல்லோரும் நிதானம் என்று கூப்பிடுகிற மனிதர். அவர் ஒரு நாள் இரட்டைக் கதவு பீரோவின் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, விலையைத் திருத்தலாமா வேண்டாமா என்று யோசித்தபடியே சாப்பிடப் போய்விட்டார். அதே பீரோவை வாங்க வந்த அம்மாள் என் கவுண்டரில் நிற்கிறார், எனக்கோ பில் போட முடியவில்லை. நிதானம் சாப்பிட்டு, கை கழுவி, பல் குத்தி, வழியில் தெரிந்தவரைப் பார்த்துப் பேசி வந்து சேர்வதற்குள் அந்த அம்மாள் எதிர்க்கடையில் பீரோ வாங்கி வண்டியிலும் ஏற்றிவிட்டார்.

அன்றைக்குத்தான் உங்களுக்குப் போன் செய்து புலம்பினேன். நீங்களும் அக்கறையாகச் சொன்னீர்கள். "கனெக்‌ஷனை நாள் பூரா திறந்தே வெச்சிருக்கக் கூடாது மாமா. வேணும்கிறதை ஒரு நகல் எடுத்துக்கணும், உடனே மூடிடணும். நம்ம வேலையை நகல்ல முடிச்சுட்டு, அப்புறமா திறந்து ஒப்படைக்கணும். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்." கேட்கவே சுகமாக இருந்தது. அதன்படி காலையில் ஒவ்வொரு கவுண்டரும் ஸ்டாக்கை நகல் எடுத்துக்கொள்ளும், மாலையில் விற்றதைத் திருப்பி எழுதும் என்று மாற்றியும் கொடுத்தீர்கள். தலைவலி போய்த் திருகுவலி வந்தது அப்போதுதான்.

கடையில் ஒரே ஒரு முட்டை வடிவ டைனிங் டேபிள் இருந்ததல்லவா, அதைக் காலையிலேயே நான் பல் டாக்டர் ஒருவருக்கு விற்றேன். உங்களோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவள், சும்மா உட்கார முடியாமல் பின்கூடத்துக் கவுண்டரைப் பார்த்துக்கொள்கிறாள் என்று சொன்னேனே, அவள் பிற்பகலில் அதே மேசையை ஒரு பாட்டு டீச்சருக்கு விற்றிருக்கிறாள். அவளுடைய நகலில் மேசை அப்போதும் பத்திரமாகத்தான் இருந்தது. மாலையில் என் கவுண்டர் முதலில் எழுதியது, அவள் கவுண்டர் அதன்மேல் எழுதியது. டாக்டர் பெயர் போன இடம் தெரியவில்லை. மறுநாள் இருவரும் ஆளுக்கொரு பில்லோடு வந்து மேசையின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. டீச்சர் குரலை உயர்த்த வாயைத் திறந்தார். டாக்டரின் பார்வை பழக்கதோஷத்தில் உள்ளே போய்விட்டது. "மேடம், ஒரு நிமிஷம். மேல் வரிசையில ஒண்ணு அடைச்சது விழுந்திருக்கே, வலிக்கலையா உங்களுக்கு?" என்றார். டீச்சர் வாயை மூடிக்கொண்டு, "ஒரு மாசமா உயிர் போகுது" என்றார். பிறகு என்ன, மேசை டீச்சருக்கு, பல் டாக்டருக்கு. தச்சரிடம் அதே மாதிரி இன்னொன்று சொல்லியிருக்கிறேன்.

இதை உங்களிடம் சொன்னபோது நீங்கள் சொன்ன பதில்தான் என் மனதில் நிற்கிறது. "தப்பு என்னோடது மாமா. திருப்பி எழுதறதுக்கு முன்னாடி, எடுக்கும்போது எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இப்பவும் இருக்கான்னு ஒரு தடவை பாத்திருக்கணும். மாறியிருந்தா எழுதக் கூடாது, கேக்கணும்." நான் இதை ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் மனைவி பின்னால் நின்றிருந்தாள். நீங்கள் வைத்ததும் சொன்னாள்: "சாப்ட்வேர் மட்டும் இல்லப்பா, அவரே அப்படித்தான். காலையில நான் சொல்றதை வாங்கிட்டுப் போயிடுவார். ராத்திரி வந்து பதில் சொல்லுவார். அதுக்குள்ள நான் அழுது, முகம் கழுவி, வேற விஷயத்துக்கே போயிருப்பேன்."

சண்டையின் முழு விவரமும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வேறு ஊர்க் கிளையில் பெரிய வேலை கொடுக்கிறார்கள், போகட்டுமா என்று அவள் காலையில் கேட்டிருக்கிறாள். நீங்கள் யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டீர்கள். அதைக் கேட்டு, உங்களுக்குப் பிடிக்கவில்லை போலும் என்று அவள் மத்தியானமே வேண்டாம் என்று ஆபீஸில் சொல்லிவிட்டாள். நீங்களோ ராத்திரி, அந்த ஊரில் வாடகை வீடு முதற்கொண்டு விசாரித்து வைத்துக்கொண்டு, தாராளமாப் போகலாம் என்று வந்து நின்றிருக்கிறீர்கள். உங்கள் பதில் நல்ல பதில்தான் மாப்பிள்ளை. ஆனால் அது காலையில் இருந்தவளுக்கான பதில். அவள் வீட்டுச் சாவியை மேசைமேல் எறிந்துவிட்டு வந்தது அதனால்தான்.

என் மகள் பக்கமே பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அவள் நம் பழைய சாப்ட்வேர். ஒரு விஷயத்தைத் திறந்தால் அவளாக மூடும்வரை வீட்டில் வேறு யாரும் எதையும் தொட முடியாது. இது அவளுடைய அம்மா வழி. ஆனால் இங்கே வந்ததிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை, போன் அடித்தால் முதலில் அவள்தான் எட்டிப் பார்க்கிறாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நீங்கள் இரண்டு பேருமே நல்லவர்கள், இது பிரிந்து போகிற குடும்பமே இல்லை என்று எனக்கு உறுதியாகத் தெரியும், தெரிந்தும் பயமாக இருக்கிறது.

ஆகையால் என் ஏற்பாடு இது. நீங்கள் இப்போது வர வேண்டாம். போனும் செய்ய வேண்டாம். அவள் தானாக இந்த ஊரைவிட்டு அசைய மாட்டாள், பெற்றவன் எனக்குத் தெரியாதா? கோபம் தணிந்ததும் நானே எழுதுகிறேன், அதுவரை பொறுமையாக இருங்கள். கடைக்குப் பழைய சாப்ட்வேரையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நிதானத்தை நான் சமாளித்துக்கொள்கிறேன். வேளைக்குச் சாப்பிடுங்கள். உங்கள் அத்தையும் நானும் எப்போதும் உங்கள் நல்லதையே நினைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கவர் எடுக்கக் கீழே கடைக்கு இறங்கினேன். நீங்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு சாம்பிள் சோபாவில் உட்கார்ந்து உங்கள் அத்தை கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பின்னறையில் யாரும் இல்லையாம். அவள் விடியற்காலை பஸ்ஸிலேயே உங்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டாளாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று உங்கள் அத்தையைக் கேட்டால், "ஏதோ முக்கியமா எழுதிட்டு இருந்தீங்களே" என்கிறாள். ஆளில்லாத அறையின் கதவைப் பார்த்துக்கொண்டு இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். உங்கள் இருவர் பஸ்ஸும் வழியில் எங்கேயோ எதிரெதிரே கடந்திருக்கின்றன. இப்போது அவள் உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறாள், சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. அங்கேயே இரு, நகராதே என்று அவளிடம் போனில் சொல்லியாயிற்று. மேலே எழுதியதில் எதையும் செய்ய வேண்டாம், சாப்ட்வேரையும் இருக்கிறபடியே விடுங்கள். அடுத்த பஸ்ஸில் ஏறுங்கள். உங்கள் அத்தை அவளுக்குப் போன் போட்டு உங்கள் கையில் கொடுப்பாள், நீங்கள் போய் உங்கள் வீட்டுக் கதவைத் திறக்கிறவரை அதை வைக்கவே வைக்காதீர்கள். அவள் என்ன கேட்டாலும் அந்த நிமிடமே பதில் சொல்லுங்கள், தப்பான பதிலாக இருந்தாலும் பரவாயில்லை. இந்தக் கடிதத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.