கடலுக்குப் போன ஹாம்

"யாக்கோப்பு! போட்டைத் திருப்பு! திருப்பெண்டுறன்!"

பதினாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் புருசனை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டறியாத யூலிற்றா, அந்தச் சனிக்கிழமை விடியற்காலை முல்லைத்தீவுக் கடற்கரை முழுக்கக் கேட்கக் கத்திக்கொண்டு ஓடினாள். கையில் ஒரு சிவப்புத் துவாய். அதைத் தலைக்கு மேலே சுழற்றினாள். முழங்கால் வரை தண்ணீர். கண்ணில் கொலைவெறி.

கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்ன பிள்ளை, வீட்டிலை ஆருக்கும் ஏதுமோ?"

"ஹாம்! போட்டிலை ஹாம் போகுது!"

ஹாம் என்பது யார் வீட்டுப் பிள்ளை என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

விசயம் இதுதான். தண்ணீரூற்றில் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தின் விடுதி. அங்கே யூலிற்றா தற்காலிகச் சமையல்காரி. மூன்று மாதத் தவணை இன்றோடு முடிகிறது. நிரந்தரமாக்கும் கடிதம் விடுதி மேலாளர் பரமேஸ்வரனின் சட்டைப்பைக்குள் மடித்தபடி கிடந்தது. வந்து இரண்டு நாளான புதுப் பணிப்பாளர் அதில் கையெழுத்து வைக்க வேண்டும்.

"வெள்ளைக்காரன் வந்த நாளிலை இருந்து பாணும் வாழைப்பழமும்தான் சாப்பிடுறார், யூலிற்றா. நீர் வைக்கிற இறைச்சிக் குழம்பைத் தொட்டும் பாக்கேல்லை," என்று நேற்றுப் பரமேஸ்வரன் ஒரு தாளை நீட்டினார். "நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு இதைச் செய்யும். சேருக்குச் சொல்லேல்லை, திடீரெண்டு முன்னாலை வைப்பம். பிடிச்சுதெண்டால் கடிதத்திலை கையெழுத்து. இல்லையெண்டால் வவுனியாவிலை இருந்து ஹோட்டல் குக் வாறார். நான் ஒண்டும் செய்யேலாது."

தாளின் தலைப்பில் பரமேஸ்வரன் தன் அழகான கையெழுத்தில் மொழிபெயர்த்திருந்தார்: 'மிகச் சுலபமான காலை உணவு.' முட்டை, பால், சீஸ், பாண் துண்டுகள், ஹாம். எல்லாவற்றையும் கலந்து போறணையில் வேகவைத்து எடுக்க வேண்டும். கலக்கப் பத்து நிமிடம், வேக நாற்பது நிமிடம்.

ஹாம், அதாவது பதப்படுத்திய பன்றியிறைச்சி, ஒரே ஒரு பக்கற். கொழும்பில் ஐஸ்பெட்டியில் ஏறி, ஓமந்தையில் ஆமி, இயக்கம் என்று இரண்டு பக்கத்துச் சோதனையும் தாண்டி வந்த ஹாம். விடுதியில் பத்து மணிக்கு ஜெனரேற்றர் நின்றால் பிறிட்ஜும் வெறும் அலுமாரிதான். ஆகவே யூலிற்றா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, யாக்கோப்பு கடலுக்குக் கொண்டுபோகும் றெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் போட்டு வைத்தாள்.

காலையில் எழும்பினால் பெட்டியும் இல்லை, யாக்கோப்பும் இல்லை. நடுச்சாமத்திலேயே கடலுக்குப் போய்விட்டான்.

போட் ஒருவழியாகக் கரை தொட்டது. யாக்கோப்பு பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி இறங்கினான்.

"ஏனப்பா, பேர் சொல்லியெல்லாம் கூப்பிடுறாய்?"

"பெட்டிக்குள்ளை றோஸ் நிறத்திலை ஒரு பக்கற் கிடந்ததே. எங்கை?"

"அதோ? முடிஞ்சுது."

"முடிஞ்சுதோ? திண்டிட்டீங்களோ?"

"நான் ஏன் தின்னப்போறன்? தூண்டிலிலை கொளுவினன். வலை தந்தாங்கள், இஞ்சின் தந்தாங்கள், இப்ப இரையும் தாறாங்களாக்குமெண்டு நினைச்சன். நல்ல சாமானப்பா! ஆனா உன்ரை கந்தோர் ஆக்களிட்டைச் சொல்லு, கொஞ்சம் மெல்லிசா வெட்டிப்போட்டாங்கள். மீன் இழுத்துக்கொண்டு போட்டுது. தூண்டில் வெறும் தூண்டிலாத்தான் வந்தது."

யூலிற்றா மணலில் இருந்துவிட்டாள். மூன்று மாதம் சைக்கிளில் போய்வந்த பாதை முழுவதும் அவளுக்குக் கண்முன்னே ஓடியது. மகள் பிரியந்தினிக்கு அடுத்த வருசம் ஓ.எல். சோதனை. அந்தப் பிள்ளையை வவுனியாவில் நின்று படிக்க விடுகிற எண்ணமெல்லாம் இப்போது எந்த மீனின் வயிற்றுக்குள் கிடக்கிறதோ.

"வலையிலை என்ன பட்டது?" என்றாள் திடீரென்று.

"சூரை. நாலைஞ்சு கிடக்கு."

"கொண்டாங்கோ. பெரிசா ஒண்டு."

குசினியில் புகை கிளம்பியது. சூரையை முள்ளில்லாமல் சீவி, உப்புத் தடவி, தேங்காய்ப் பொச்சுப் புகையில் காட்டி, விரல் நகம் அளவுக்கு வெட்டினாள். பார்வைக்கு ஹாம் மாதிரி ஒரு இருபது வீதம் இருந்தது. மணம் நூறு வீதம் மீன்.

மணத்தை அடக்க மிளகு போட்டாள். தேசிக்காய் பிழிந்தாள். போதாதென்று கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும் போட்டாள். மணம் போனது. நிறம் மட்டும் ஹாம் ஆகவில்லை. பழுப்பாய்க் கிடந்தது.

"கொஞ்சம் பீற்றூட் தண்ணி விட்டா றோஸா வரும்," என்று யாக்கோப்பு உதவிக்கு வந்தான்.

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டாள். பன்னிரண்டு முட்டையும் பாலும் சீஸும் சேர்ந்து, கோயில் திருவிழாவில் விற்கும் இனிப்பு மாதிரி ரோஜா நிறமாயின. அதை மறைக்க மஞ்சள் போட்டாள். இப்போது அது செம்மஞ்சள்.

"வடிவா இருக்கு," என்றான் யாக்கோப்பு.

"நீங்கள் இனி ஒரு வார்த்தை கதைச்சால் நான் கடலுக்குப் போவன், நீங்கள் விடுதிக்குச் சமைக்கப் போங்கோ."

தட்டத்தைத் துணியால் மூடிச் சைக்கிள் கரியரில் கட்டி, தண்ணீரூற்றுச் சந்திக்கு அவள் மிதித்த மிதியில் வழியிலே மாடுகள் ஒதுங்கின.

விடுதியில் போறணை கிடையாது. அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே போறணை அஹ்ஸனின் பேக்கரியில். பன்னிரண்டு வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டுப் போன வருசம்தான் ஊர் திரும்பியவன். காலைப் பாண் எடுத்து முடித்து, போறணை வாயில் வியர்வை துடைத்துக்கொண்டு நின்றான்.

"தம்பி அஹ்ஸன், நாப்பது நிமிசம் இதை உள்ளுக்கு வைச்சுத் தாரும். அக்காவின்ரை உயிர் இதிலைதான் கிடக்கு."

அவன் தட்டத்தை வாங்கினான். மேலே கிடந்த தாளையும் வாங்கி வாசித்தான். வாசித்து முடிந்ததும் தட்டத்தைப் பாம்பைப் போல நீட்டிப் பிடித்தான்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. ஹாமெண்டு எழுதிக் கிடக்கு. ஊர்ச்சனம் முழுக்கப் பாண் தின்னுற போறணை இது. பன்றி உள்ளுக்குப் போகாது."

"ஐயோ தம்பி, எழுத்துத்தான் ஹாம். உள்ளுக்குக் கிடக்கிறது சூரை. ஹாமை மீன் திண்டிட்டுது."

"ஹாமை மீன் திண்டதோ?"

"அது பெரிய கதை. மாதாவிலை சத்தியம், ஒரு துண்டும் இல்லை!"

அஹ்ஸன் தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தான். பிறகு நீளக் கட்டையால் தட்டத்தை உள்ளே தள்ளினான்.

யூலிற்றா மூச்சு விட்டாள். விட்ட மூச்சு முடியவில்லை. பரமேஸ்வரனின் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது.

"யூலிற்றா! சேர் எழும்பிட்டார். ஹாம் எல்லாம் போட்டாச்சோ?"

அஹ்ஸன் திரும்பினான். அவன் கை கட்டையைத் தேடியது.

"பேப்பரிலை எழுதினபடி எல்லாம் நடக்குது, சேர்," என்றாள் யூலிற்றா.

"நான் கேட்டது ஹாம். முழுப் பக்கற்றும் போட்டீரோ?"

"ஒரு துண்டும் மிச்சமில்லை, சேர்."

அது உண்மைதான். ஆனால் அஹ்ஸன் அதற்குள் தட்டத்தைப் பாதிவரை வெளியே இழுத்துவிட்டான். யூலிற்றா பரமேஸ்வரனைப் பார்த்துச் சிரித்தபடியே, முதுகுக்குப் பின்னால் கட்டையைப் பிடித்து உள்ளே தள்ளினாள். அஹ்ஸன் இழுத்தான். அவள் தள்ளினாள்.

"என்ன, போறணைக்குள்ளை ஏதும் சிக்குப்பட்டதோ?" என்றார் பரமேஸ்வரன்.

"இல்லை சேர், இப்பிடித்தான் ஆட்டி ஆட்டி வேகவைக்க வேணும்."

"அப்பிடியோ? நான் மொழிபெயர்க்கேக்கை அதை விட்டிட்டன் போல," என்று தலையாட்டிவிட்டு அவர் போனார்.

"அக்கா!" அஹ்ஸனின் குரல் கிறீச்சிட்டது. "அவருக்கு ஒரு கதை, எனக்கு ஒரு கதையோ?"

"உனக்குச் சொன்னதுதான்ரா உண்மைக் கதை! வெந்த பிறகு நீயே திண்டு பார்."

நாற்பது நிமிடம் கழித்து அவன் ஒரு மூலையைக் கிள்ளி வாயில் போட்டான். கண்ணை மூடினான். "சூரை," என்றான். ஐயம் தீரவில்லை போல, இன்னொரு முறை கிள்ளினான். மூன்றாம் முறை கிள்ளியது ஐயத்தால் அல்ல. யூலிற்றா தட்டத்தைப் பறித்துக்கொண்டு ஓடினாள். மூலையில் உள்ளங்கை அளவு பள்ளம். இரண்டு தக்காளித் துண்டை அதன்மேல் வைத்து மூடினாள்.

சரியாக எட்டு மணி. மேசையில் புதுப் பணிப்பாளர். ஆறடி உயரம், பொன்னிறத் தலைமுடி, நீலக் கண். செம்மஞ்சளாய்ப் பொங்கி, சீஸ் பொரிந்து நின்ற பலகாரத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஒரு துண்டு வெட்டி, முள்ளுக்கரண்டியில் குத்தி, வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

பரமேஸ்வரனால் பொறுக்க முடியவில்லை. "ஹாம் அன்ட் சீஸ், சேர்! ஸ்பெஷல் ஹாம், ஃப்ரம் கொழும்பு!"

முள்ளுக்கரண்டி நடுவழியில் நின்றது.

"ஹாம்?" என்றார் பணிப்பாளர்.

"லொட்ஸ் ஒஃப் ஹாம், சேர்!"

அவர் கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார். சாப்பாட்டுக் கோப்பையைச் சற்றே தள்ளினார். வாழைப்பழத்தின் பக்கம் கையை நீட்டினார்.

குசினி வாசலில் நின்றபடி யூலிற்றா எல்லாவற்றையும் பார்த்தாள். மனுசன் மணத்திலேயே பிடித்துவிட்டார்! ஹாம் இல்லாததை ஹாமென்று ஏமாற்றியது தெரிந்துவிட்டது. வேலை போனது. போகிற வேலை பொய்யோடு போகாமல் உண்மையோடு போகட்டும் என்று அவள் நேரே மேசைக்கு நடந்தாள்.

"சேர், நோ ஹாம்," என்றாள். "ஹாம்... ஃபினிஷ். திஸ் ஃபிஷ். ஒன்லி ஃபிஷ்."

"யூலிற்றா!" பரமேஸ்வரன் கதிரையைப் பிடித்துக்கொண்டார். "என்ன கதை கதைக்கிறீர்?"

பணிப்பாளர் எழுந்தார். "நோ ஹாம்?"

"நோ ஹாம், சேர்."

"நொட் எ லிட்டில்?"

"மாதாவிலை சத்தியம், சேர்."

அடுத்த பத்து நிமிடத்தை விடுதியில் யாரும் மறக்கப்போவதில்லை. பணிப்பாளர் முதல் துண்டைச் சாப்பிட்டார். இரண்டாவதைச் சாப்பிட்டார். மூன்றாவதற்குக் கோப்பை தேவைப்படவில்லை, தட்டத்தையே கிட்ட இழுத்துக்கொண்டார். பச்சைமிளகாய் கடித்துக் கண்ணீர் வந்தது. கண்ணீரோடு சிரித்தார். தக்காளித் துண்டைத் தூக்கிப் பள்ளத்தைப் பார்த்தார், அதற்கும் சிரித்தார். பரமேஸ்வரனின் சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருந்த கடிதத்தைத் தானே உருவி, விரித்து வாசித்து, கையெழுத்துப் போட்டார். பிறகு நெஞ்சில் கை வைத்து யூலிற்றாவுக்குத் தலை குனிந்தார்.

"எவ்ரி சற்றடே," என்றார். "ப்ளீஸ்."

யூலிற்றா கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். பரமேஸ்வரன் அவள் காதருகே வந்தார்.

"விசயம் என்னெண்டு சொல்லும். ஹாம் இல்லையெண்டு கேட்டுச் சந்தோசப்பட்ட வெள்ளைக்காரனை நான் ஒரு இடத்திலையும் காணேல்லை."

"எனக்கும் விளங்கேல்லை, சேர். கையெழுத்து விழுந்திட்டுது, இனி எனக்கு விளங்கத் தேவையுமில்லை."

அப்போதுதான் அஹ்ஸன் விடுதிக்குரிய பாணோடு உள்ளே வந்தான். அவனைக் கண்டதும் பணிப்பாளர் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய், அவனுடைய இரண்டு கையையும் பற்றினார். பரமேஸ்வரனின் வாய் திறந்தபடி நின்றது.

"என்ன சேர் முழுசுறீங்கள்?" என்றான் அஹ்ஸன். "நேற்று ஜும்மாவுக்கு எங்கடை பள்ளியிலை என்ரை தோளோடை தோள் முட்ட நிண்டு தொழுதவர் இவர்தானே!"