போலந்துக் காட்டுக்கு எல்லை பிரித்த கதை

எங்கள் ஆட்களுக்கு ஒருவரின் பெயர் தெரியாவிட்டாலும் குறையில்லை, ஊர் தெரிந்தாக வேண்டும். ஊர் தெரிந்ததும் குறிச்சி, குறிச்சி தெரிந்ததும் எந்தக் கோயில் பங்கு என்று தோண்டிக்கொண்டே போவோம். இந்த வியாதியை நான் ஒருமுறை போலந்துக்காரரிடம் காட்டி, கைக்கு வந்த வீட்டைத் தொலைத்தேன்.

இரண்டாயிரத்து மூன்றோ நாலோ. நானும் மனைவி ஜெசிந்தாவும் நாங்கள் வந்திறங்கிய பிரெஞ்சு பேசும் நகரத்தில், செயின்ட்-மிஷேல் பகுதியில், அக்கா வீட்டு ஹோலில் படுத்திருந்தோம். அவளுக்கு ஏழு மாதம். பிள்ளை பிறக்குமுன் தனி வீடு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள் (அந்த வயிற்றோடு!). நகரின் மறுமூலையில், லாசாலில், ஒரு மேல்மாடி வீடு காலியாக இருப்பதாக அத்தான் சொன்னார். சொந்தக்காரர் போலந்திலிருந்து வந்த வயதான தம்பதி.

"நல்ல ஊர்ப்பற்றுள்ள சனம். வீட்டுக்கார மனுசிக்கு உம்மைப் பிடிச்சால் வீடு உமக்குத்தான்," என்று அவர்களுடைய மாவட்டத்தின் பெயரையும் ஒரு துண்டில் எழுதித் தந்தார்.

விடுவேனா? நூலகக் கணினியில் ஒரு முழுச் சனிக்கிழமை குந்தியிருந்து அந்த மாவட்டத்தைக் கரைத்துக் குடித்தேன். எத்தனை பிரிவுகள், ஆறு எங்கே வளைகிறது, எங்கே உருளைக்கிழங்கு, எங்கே காடு. மாவட்டக் கச்சேரி, அதுதான் அரச அலுவலகம், நகரத்துக்குள் இருக்கிறதாம், ஆனால் அந்த நகரம் மாவட்டத்தில் சேர்த்தி இல்லையாம்! படித்ததும் எனக்குப் புல்லரித்தது. (பிரெஞ்சு வகுப்புக்கு இதில் கால்வாசி படித்திருந்தால் இன்று நான் வேறு ஆள்.)

வீடு பார்க்கப் போனோம். வீட்டுக்கார அம்மா, மதாம், கேக் தந்தார். ஜெசிந்தாவின் வயிற்றைப் பார்த்துவிட்டு, தொட்டிலை எந்த ஜன்னலோரம் வைக்கலாம் என்றுகூடக் காட்டினார்.

"இனி வாயைத் திறக்காதேங்கோ. கையெழுத்தை வைச்சுப்போட்டுப் போவம்," என்று ஜெசிந்தா என் காதுக்குள் சொன்னாள்.

திறந்தேன். "மதாம், உங்கள் ஊர் எந்தப் பிரிவு?"

மதாமின் முகம் மலர்ந்துவிட்டது. தான் ஒரு பிரிவு, கணவர் பக்கத்துப் பிரிவு, நடுவிலே காடு என்றார். "அங்கேதான் என் அப்பா காளான் பறிப்பார். எங்கள் காடு."

"எங்கள் காடு," என்றார், அதுவரை வாயே திறக்காத கணவர்.

புத்தியுள்ளவன் கேக்கைத் தின்றிருப்பான். நான் நூலகத்தில் அச்சடித்து வைத்திருந்த வரைபடத்தைப் பையிலிருந்து எடுத்து விரித்தேன். மேசைக்குக் கீழே ஜெசிந்தா என் காலை மிதித்தாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்து எல்லைக்கோட்டில் விரலை ஓட்டினேன். "காடு முழுக்க உங்கள் முஸ்யுவின் பிரிவுதான், மதாம். பாருங்கள், கோடு இப்படிப் போகிறது."

கிழவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாற்பது வருட வழக்கில் வென்றவரின் முகம்! மதாம் வரைபடத்தை மெதுவாக நாலாக மடித்தார். பிறகு நான் பாதி தின்ற கேக் தட்டை என் முன்னாலிருந்து எடுத்தார். வீட்டுக்கு வேறு ஆட்கள் வருகிறார்களாம்.

பஸ் தரிப்பில் ஜெசிந்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பிள்ளையை அந்தக் காட்டுக்குள்ள கொண்டுபோய் வளப்பமோ?" எனக்கு அழுகை வந்தது. மகள் தவழத் தொடங்கியது அக்கா வீட்டு ஹோலில்தான்.

அதன்பின் எங்கே வீடு பார்க்கப் போனாலும் எனக்கு உள்ளே அனுமதி இல்லை. போன வருடம் அதே மகள் டவுன்டவுனில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் அறை பார்க்கப் போனாள். காரை நிறுத்தியதும் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, வீட்டுக்காரர் கிரேக்க ஆளாம். நீங்கள் காருக்குள்ளயே இருங்கோ."

இருந்தேன். சும்மா இருக்கிற நேரத்தில், கிரேக்கத்தின் மாவட்டங்களை மட்டும் போனில் ஒருக்கால் பார்த்துவைத்தேன்.