நாற்காலிக்குப் பின்னால் ஒருவர்

"நாற்காலிக்குப் பின்னாடி என்னங்க அது, காதா?" என்றாள் மனைவி.

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். கம்ப்யூட்டர் சொல்கிறபடி பேனா பிடித்துப் படம் வரையும் இயந்திரத்தை அலுவலகத்தில் கெஞ்சிக் கூத்தாடித் தூக்கி வந்திருந்தார். அதுவும் மாமனாரை அழகாகத்தான் வரைந்திருந்தது: நாற்காலி, கோட்டு, முறுக்கிய மீசை. ஆனால் தோளுக்குப் பக்கத்தில் உபரியாக ஒரு காது.

"பேனா இழுத்திருக்கும்."

"இழுத்தா கோடு வரும். காதா வரும்?"

மாமனாரின் முகம் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் இறந்தபோது மாப்பிள்ளையின் மனைவி கைக்குழந்தை. போன மாதம் மாமியார், "அவர் முகமே மறந்துக்கிட்டு வருது மாப்ளே" என்று அழுதுவிட்டார். அந்த அழுகை மாப்பிள்ளையைப் பிடுங்கித் தின்றது. பரணில் கிடந்த மாமனாரின் பெட்டியைப் பூட்டை உடைத்துத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு போட்டோ, அதுவும் பாதி செல்லரித்தது. அதைப் பேனாக் கோடுகளாக, பெரிதாக வரைந்து மாமியார் கையில் கொடுத்துவிட வேண்டும். மாமியாரோ ஊரிலிருந்து பஸ் ஏறியாயிற்று.

பேனாவைக் கொஞ்சம் உயர்த்தி மாட்டினார். புதுத் தாளில் காதோடு கன்னமும் வந்தது.

திரையில் நாற்காலியைச் சுற்றி இருந்த இடத்தையெல்லாம் அழித்தார். இயந்திரம் ஒல்லியாக ஒரு ஆளையே கொண்டுவந்து நிறுத்தியது. முகம் மட்டும் இன்னும் வெறுமையாக இருந்தது. கை நாற்காலியைப் பிடித்திருந்தது.

"எனக்குப் பயமா இருக்குங்க."

"எனக்கு மட்டும் என்ன, குளுகுளுன்னா இருக்கு?"

கடைசித் தாளிலும் அந்த ஆள் தலைகாட்டத் தொடங்கியதும், இயந்திரம் பழுதுபார்ப்பவருக்குப் போன் போட்டார்.

"கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்குங்க சார்."

"பிடுங்கிட்டேன். இன்னும் வரையுதே!"

"பழசு எதாவது உள்ள தங்கியிருக்கும். கரண்டையும் பிடுங்குங்க."

"பிடுங்கிட்டேன்."

"நின்னுச்சா?"

"அந்தாளுக்கு மூக்குக்கண்ணாடி போட்டுக்கிட்டு இருக்கு."

"சார், எனக்கு வேற போன் வருது" என்று லைனைத் துண்டித்தார் அவர்.

விளக்கு அணைந்த இயந்திரத்தில் பேனா அவசரமே இல்லாமல் நகர்ந்தது. மோட்டார் சத்தம் இல்லை. தாளில் முனை உரசும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு கண்ணை வரைந்தது. நின்றது. மற்றதையும் வரைந்தது. இரண்டும் வாசல் கதவையே பார்த்தன.

அழைப்பு மணி அடித்தது.

மாப்பிள்ளை தாளின் ஓரத்தை மடித்து, நின்றவரை மறைத்தார். உள்ளே வந்த மாமியார் தாளை வாங்கினார், மடிப்பைப் பிரித்தார். விரலால் தடவிய இடத்தில் மை ஈரமாக இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க அத்தை. மாமா நல்லாத்தான் வந்திருக்காரு. கூட நிக்கிறவன்தான் எவன்னே தெரியல, வெட்டிடலாம்."

மாமியார் தாளை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"உக்காந்திருக்கிறது யாரோ ஸ்டுடியோவுக்கு வந்த ஆளு மாப்ளே. ஊரையே போட்டோ எடுத்த உங்க மாமா இன்னிக்குத்தான் முதல்தடவையா தானும் படத்துல வந்து நின்னிருக்காரு."