மடத்துவெளி எழுத்தரிசி

புங்குடுதீவு மடத்துவெளிக்குக் கடவுள் வந்து ஒரு மாதமாகிறது. பஸ்ஸில்தான் வந்தார். வந்தவர் நேரே ஆரூரனின் வலது கைச் சுட்டுவிரலில் குடியேறிவிட்டார் என்று அதே பஸ்ஸில் வந்திறங்கிய பரராசசிங்கச் சாமி அறிவித்தார். அன்றிலிருந்து சனம். ஊர்காவற்றுறைச் சனம், வேலணைச் சனம், சுவிசிலிருந்து வீடியோ கோலில் சனம். வாசலில் ஒரு சர்பத் கடையும் முளைத்துவிட்டது. கடவுள் வந்த இடத்தில் முதலில் முளைப்பது அதுதான்.

ஆரூரன் பத்து வயதுப் பிள்ளை. பிறந்ததிலிருந்து நடக்க ஏலாது, பேச ஏலாது, கைகால் சொன்னபடி கேளாது. இப்படியான பிள்ளைகளுக்கென்று மண்கும்பானில் இருக்கிற விசேட பள்ளிக்கூடத்துக்கு வான் வண்டியில் போய்வந்தவன். இப்போது போவதில்லை. கடவுளுக்கு என்ன பள்ளிக்கூடம்.

நடைமுறை இதுதான். தாம்பாளத்தில் பச்சையரிசி. சாமி பிள்ளையின் விரலைப் பிடிப்பார். சனம் கேட்கும், விரல் அரிசியில் எழுதும். அந்த நேரம் பிள்ளை முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான், அல்லது வேலியில் ஓடுகிற ஓணானைப் பார்த்துச் சிரிப்பான். தாம்பாளத்தைப் பார்க்கவே மாட்டான். பார்க்காமலே கோடு தவறாமல் எழுதுகிறானாம். சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நான் தலை நரைத்த பிறகுதான் 'அ' எழுதப் பழகினேன். கொப்பியை முறைத்துப் பார்த்தபடி எழுதியும் அது நண்டு மாதிரித்தான் வந்தது.

எழுதி முடிந்த அரிசி சின்னப் பைகளில் விற்பனைக்கு. பெயர் எழுத்தரிசி. கணக்குப் பாடத்தில் கோட்டை விட்ட பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தால் பாஸாம். எங்கள் ஊர் அம்பலவாணர் கனடா விசாவுக்காக அதை இடித்துப் புட்டு அவித்தே சாப்பிட்டார்.

நான் சாமியின் புது மண்டபத்துக்குச் சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தேன். ஆகவே எல்லாம் கண்ணால் கண்டது.

பிள்ளையின் தாய் மனோகரியை ஏமாளி என்று சொல்ல எனக்கு வாய் வராது. பெற்ற நாளிலிருந்து ஒரு சொல்லுக்காகக் காத்திருந்த மனுசி. சாமிக்கு அது தெரியும். முதல்நாளே அரிசியில் எழுதுவித்தது 'அம்மா'. அடுத்தநாள், 'அழாதேங்கோ அம்மா'. அதற்குப் பிறகு அவ சாமி சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினா. போன கிழமை விரல் எழுதியது: 'அம்மா, பள்ளிக்கூடம் வேண்டாம். என்னைச் சாமியோடை கொழும்புக்கு அனுப்புங்கோ.' கொழும்பில் சனம் கூடுதல், காணிக்கையும் கூடுதல். வெள்ளிக்கிழமை பயணம். பிள்ளையின் உடுப்புப் பையும் கட்டியாயிற்று.

வியாழன் காலை பள்ளிக்கூடத்துக் கஜானி ரீச்சர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினா.

"மனோகரியக்கா, பிள்ளை ஏன் வாறேல்லை? கை இறுகிப்போச்சுப் பாருங்கோ. பயிற்சியை விட்டால் திரும்பக் கரண்டி பிடிக்க மாட்டான்."

"அவன்தான் பள்ளிக்கூடம் வேண்டாமெண்டு எழுதினவன், ரீச்சர்."

"ஆர் எழுதினது?"

"அவன்ரை விரல்தான். எல்லாரும் பாத்துக்கொண்டுதானே நிண்டவை."

"இவனுக்கு விசயதசமிக்கு ஏடு தொடக்கினனீங்களோ?"

"ஓம். ஐயர்தான் விரலைப் பிடிச்சு அரிசியிலை எழுதுவிச்சவர்."

"அண்டைக்கு எழுதினது இவனோ, ஐயரோ?"

சாமி இடையில் புகுந்தார்: "தங்கச்சி, தெய்வத்தைச் சோதிக்கப்படாது."

"தெய்வத்தை ஆர் சோதிக்கிறது, சாமி? இவன் என்ரை வகுப்புப் பிள்ளை. எழுதத் தெரிஞ்ச பிள்ளையிட்டை ரீச்சர் ஒரு கேள்வி கேக்கக்கூடாதோ?"

"கேளும் ரீச்சர், கேளும்," என்றார் அம்பலவாணர். "என்ரை விசாவையே சொன்னவன். உது என்ன பெரிய கேள்வி."

"விசா வந்திட்டுதோ ஐயா?"

"வரும் எண்டு எழுதினவன்."

சனம் சிரித்தது. சிரித்த சனத்துக்கு முன்னால் சாமியால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

ரீச்சர் இரண்டு பெண்களைக் கொண்டு சாமிக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு வேட்டியை விரித்துப் பிடிப்பித்தா. "இவனுக்கு ஒரு சாமான் குடுத்துப்போட்டு எடுத்திடுவன், சாமி. அது என்ன சாமானெண்டு விரல் எழுதட்டும்." சாமி கண்ணை மூடித் தியானத்தில் ஆழ்ந்தார். காது ஆழவில்லை. "அக்கா, அந்த மாம்பழத்தை இஞ்சை தாங்கோ," என்று ரீச்சர் சொன்னது சீமெந்துக் குவியலடியில் நின்ற எனக்கே கேட்டது.

காணிக்கைத் தட்டில் இருந்த மாம்பழம் ரீச்சரின் பைக்குள் போனது. வாயில் விரலை வைத்து எங்களை அடக்கிவிட்டு, சர்பத் கடை ஐஸ்கட்டி ஒன்றை ஆரூரனின் வலது கைக்குள் வைத்து, விரல்களையும் மடித்துப் பிடித்தா. பிள்ளை முதலில் திடுக்கிட்டான். பிறகு சிரித்தான் பாருங்கோ, அப்படி ஒரு சிரிப்பு. ஐஸ் கரைந்து முழங்கை வரை வழிந்தது. மிச்சத்தை எடுத்து எறிந்தா. வேட்டி இறங்கியது.

சாமி விரலைப் பிடித்தார். விறைத்த விரல். தண்ணீர் சொட்டுகிற விரல். அரிசி அள்ளி அள்ளி ஒட்டுகிறது. ஒட்ட ஒட்ட எழுதினார்: 'மாம்பழம்'.

பிடித்திருக்கிற கை ஐஸாகக் கிடக்கிறது, மனிசனுக்கு அது உறைக்கவில்லை. எப்படி உறைக்கும்? ஒரு மாதமாக அந்தக் கையைப் பிடித்தவர், ஒருநாளும் அந்தக் கையைக் கவனித்தவரில்லை.

"குடுத்தது ஐஸ், சாமி," என்றா ரீச்சர்.

"பிள்ளை பகிடி விடுறான்," என்றார் சாமி.

"பிள்ளையின்ரை கை குளிருது. பிடிச்ச உங்களுக்கு விளங்கேல்லையோ?"

மனோகரி மெல்ல எழும்பி வந்தா. "அப்ப, அம்மா எண்டு எழுதினது?"

சாமி தாம்பாளத்தைப் பார்த்தார்.

"நீரோ இவ்வளவு நாளும் என்னை அம்மா எண்டு கூப்பிட்டனீர்?"

யாரோ சிரிக்கத் தொடங்கி, அவவின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்கள். அவ மகனின் கையைச் சாமியின் பிடியிலிருந்து கழற்றி, ஒட்டிய அரிசியைச் சீலைத் தலைப்பால் துடைத்தா. ஆரூரன் சர்பத் கடையைப் பார்த்தான். தாயைப் பார்த்தான். திரும்பவும் கடையைப் பார்த்தான். தொண்டைக்குள் ஒரு முனகல்.

"இன்னும் ஐஸ் கேக்கிறான்," என்றா ரீச்சர். "வகுப்பிலையும் கண்ணாலைதான் கேப்பான்."

"தெரியும் ரீச்சர். வீட்டிலையும் இப்பிடித்தான் கேக்கிறவன். நான்தான் அவனைப் பாக்காமல் தாம்பாளத்தைப் பாத்துக்கொண்டிருந்திட்டன்."

சாமி மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. மண்டபம் அரைச்சுவரில் நிற்கிறது. ஊரில் இப்போது நம்பினவர் ஒருவருமில்லை, எல்லாரும் வேடிக்கை பார்க்க வந்தவர்களாம். அம்பலவாணர் மட்டும் நேர்மையாகக் கேட்டார்: "அப்ப நான் திண்ட எழுத்தரிசி?"

"அது புட்டு, ஐயா," என்றா ரீச்சர்.

வெள்ளிக்கிழமை ஆரூரன் மண்கும்பானுக்குப் போனான்.

இன்னொரு சாமி வருவார், இன்னொரு பிள்ளையைப் பிடிப்பார். தெய்வம் என்ன சொல்லுது என்று கேட்க ஓடாதேங்கோ. அந்தப் பிள்ளை என்ன சொல்லுது என்று ஒருதரம் பாருங்கோ. அதற்குக் காணிக்கை தேவையில்லை. கண்ணும் கொஞ்ச மூளையும் போதும்.