போனைக் கரையேற்றும் ஐயா

அந்த வாடகை மண்டபத்தின் முன்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தால், உள்ளே யாரோ இலவசமாக வீடு கொடுக்கிறார்கள் என்றுதான் தோன்றும். அப்படி ஒன்றும் இல்லை. உள்ளே ஒருவர் போன்களுக்கு மோட்சம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. கரையேற்றும் ஐயா என்றால் போதும். உலகத்திலுள்ள போன்கள் எல்லாம் இரண்டு கரைகளில் வாழ்கின்றன என்பது அவருடைய தத்துவம். ஒரு கரை ஆண்ட்ராய்டு, மறுகரை ஐபோன். மனிதன் பிறக்கும்போதே ஏதோ ஒரு கரைக்கு உரியவனாகப் பிறக்கிறானாம். கரை மாறிப்போனவன் கையில்தான் போன் திணறும், சூடேறும், பேசிக்கொண்டிருக்கும்போதே உயிரை விடும். உரிய கரையில் ஏற்றிவிட்டால் பறக்கும். போன் என்ற ஒன்று வருவதற்கு முன்பு பிறந்தவர்கள் எந்தக் கரையில் பிறந்தார்கள் என்று அந்தக் கூட்டத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் ஐயா அதற்கும் ஒரு கரை வைத்திருப்பார்.

மண்டபத்துக்கு இரண்டு வாசல்கள். ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கு இடது வாசல், ஐபோன்காரர்களுக்கு வலது வாசல். நடுவில் மேடை, மேடைக்குப் பின்னால் ஒரு திரை. இடது வாசலில் வந்தவர்கள் அத்தனை பேரும் ஐபோனுக்கு உரியவர்கள் என்று தெரியவரும். வலது வாசலில் வந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்ட்ராய்டுக்கு உரியவர்கள். சரியான கரையில் இருந்த ஆள் ஒருவர்கூட அகப்பட்டதில்லை. பழைய போன் பாவத்தைச் சுமந்த போன். அதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, ஐயாவிடமே விட்டுவிட வேண்டும். கூடவே காணிக்கை வைத்தால் திரைக்குப் பின்னாலிருந்து மறுகரைப் போன் ஒன்று வரும். அது நிஜமாகவே பறக்கும். அதுதான் ஐயாவின் மகிமை!

ஐயா போனைத் திறந்து பார்க்கமாட்டார். அது சாதாரண ரிப்பேர்காரன் வேலை. போனை அணைத்து, கறுப்புப் பையில் போட்டு, சுருக்குக் கயிற்றை இழுத்துக் கட்டிக் கொண்டுவர வேண்டும். பையின்மேல் கையை வைத்து, கண்ணை மூடி, உள்ளே இருக்கும் உபாதை அத்தனையும் சொல்லிவிடுவார்.

இந்தக் கூட்டத்துக்கு வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் பாதி வழியில் நின்றுபோனால் இவர் கையெடுத்துக் கும்பிடுகிற ஆள் இல்லை. பலகையைக் கழற்றுவார், ஒயர் ஒயராகத் தொட்டுப் பார்ப்பார், கோளாறு இன்ன இடத்தில் என்று கண்டுபிடிக்காமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டார். அப்படிப்பட்ட மனிதர், தன் சட்டைப்பையில் இருந்த போன் கொஞ்சம் மெதுவானதும், மூளையைக் கழற்றிக் கருவிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு ஐயாவைத் தேடி வந்துவிட்டார்.

வந்தார், கரையேறினார். ஆண்ட்ராய்டைக் கொடுத்துவிட்டு ஐபோனோடு வெளியே போனார். போன் பறந்தது. ஆனால் அதில் ஒன்றுமே இல்லை. பாப்பா பிறந்த அன்று எடுத்த படம், முதன்முதலில் சிரித்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது, நடந்து விழுந்தது, விழுந்ததற்குச் சுவரை அடித்தது, எல்லாம் பழைய போனில் இருந்தவை. நான்கு வயதுப் பிள்ளையின் நான்கு வயதும் காணோம்.

"உனக்கு உரியது உன்னைத் தேடி வரும்" என்று ஐயா சொல்லியிருந்தார். மெக்கானிக் காத்திருந்தார். தேடி வந்தது காணிக்கைக்கான ரசீது மட்டும்தான்.

மறுபடியும் போய்க் கேட்டபோது ஐயா கண்ணை மூடினார். "உன் வீட்ல இன்னொரு போன் இருக்கு. அது உன் பழைய கரையில இருக்கு. உன்னோடது எல்லாத்தையும் அதுதான் இழுத்துப் புடிச்சி வெச்சிருக்கு. அதையும் கொண்டா."

மெக்கானிக்குக்குப் புல்லரித்துவிட்டது. மனைவியிடம் ஆண்ட்ராய்டு இருப்பது ஐயாவுக்கு எப்படித் தெரிந்தது? ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தால் இரண்டு போன் இருக்கும், கணவன் வாங்கிய கடையில்தான் மனைவிக்கும் வாங்கியிருப்பான் என்பதெல்லாம் ஞானதிருஷ்டி இல்லாதவர்களுக்கும் தெரிந்த விஷயம்தான். அதை எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

இதற்கிடையே கீழ்வீட்டுக் கூரியர்காரரையும் மெக்கானிக்கே அழைத்துப்போய்க் கரையேற்றிவிட்டிருந்தார். கூரியர்காரர் ஐபோனைக் கொடுத்துவிட்டு ஆண்ட்ராய்டோடு வந்தார், அதுவும் புத்தம் புதிய உறைக்குள்.

"அண்ணே, தொட்டுப் பாருங்க. விரலை வைக்கிறதுக்குள்ள திறக்குது!"

மெக்கானிக் வாங்கிப் பார்த்தார். கைக்கு என்னவோ பழகிய போன் மாதிரி இருந்தது. "நல்ல போன்டா. ஐயா உனக்குன்னே பார்த்துக் குடுத்திருக்கார்" என்று வாழ்த்திவிட்டு மாடியேறினார்.

மாடியில் இருந்தது மனைவி. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். காலையும் மாலையும் ஒரு பேருந்து நிறையப் பிள்ளைகளின் கூச்சலைச் சமாளிக்கிறவருக்குக் கணவருடைய கூச்சல் எம்மாத்திரம்? அவருடைய போனும் மெதுவானதுதான். ஒரு படத்தைத் திறந்தால், யோசித்துச் சொல்கிறேன் என்பதுபோல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"பார்த்தியா? பார்த்தியா? தோஷம்!" என்றார் மெக்கானிக்.

"உங்க போன்ல இருந்த பாப்பா படமெல்லாம் எங்க?"

"வரும்."

"எப்ப வரும்?"

"உன் போன் கரையேறின உடனே வரும்."

"இதையும் குடுத்து, அதுவும் வரலைன்னா? நீங்க அப்பப்ப எனக்கு அனுப்பி வெச்சது மட்டும்தான் இப்ப மிச்சம். பாப்பா முதல்ல சிரிச்சது இது ஒண்ணுலதான் இருக்கு. இதுவும் போச்சுன்னா அவ சின்னப் புள்ளையா இருந்ததுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு?"

அந்தச் சிரிப்பை அவர்தான் எடுத்தார். அதை மறுபடி கேட்கத்தான் இவ்வளவு அலைச்சலும். ஆனாலும் விடவில்லை. "ஐயா கையை வெச்சே சொல்லிடுறார் தெரியுமா?"

"லிஃப்ட் நின்னுபோனா நீங்க கையை வெச்சே சொல்லிடுவீங்களா?"

"அதெப்படி? திறந்து பார்த்தாத்தான் தெரியும்."

"ஏன்?"

"அது மெஷின்."

"அப்ப இது?"

மெக்கானிக் கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். மூலையில் பாப்பா தன்னுடைய போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ "சாப்டாச்சா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். அவளையும் பார்த்தார். கடைசியில், "இது வேற" என்றார்.

உலகத்திலுள்ள மோசடி மடங்கள் அத்தனைக்கும் அஸ்திவாரம் இந்த இரண்டு சொற்கள்தான்.

அதன் பிறகு மனைவி போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். மெக்கானிக் அந்தத் தலையணையைப் பார்த்துக்கொண்டே தூங்காமல் கிடந்தார். அந்த வாரக் கடைசியில் மனைவியே கறுப்புப் பையை நீட்டினார். கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது.

"வாங்க, போகலாம். நானும் வரேன்."

மெக்கானிக் முகம் மலர்ந்துபோனது. "அணைச்சிட்டியா?"

"அது அணைஞ்சுதான் இருக்கு."

மண்டபம் நிரம்பி வழிந்தது. கூரியர்காரரும் வலது வாசல் பக்கம் தன் மச்சானைக் கரையேற்றக் கூட்டிவந்திருந்தார். மெக்கானிக்கின் முறை வந்ததும் ஐயா பையை மடியில் வைத்துக்கொண்டார். கையை வைத்தார். சுரீரென்று சுட்டதுபோல் எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

"அப்பப்பா! என்ன மூச்சு வாங்குது! அம்மா, மத்தியானத்துல சூடாகுதா?"

"நீங்கதான் சொல்லணும்" என்றார் மனைவி.

"ஆகுது. சார்ஜ் நிக்கல. தானா அணைஞ்சு தானா எரியுது. ராத்திரியில தேம்பித் தேம்பி அழுவுது."

கூட்டம் 'உச்' கொட்டியது. ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவி மட்டும், "உள்ள வேற என்ன இருக்குங்க?" என்று பணிவாகக் கேட்டார்.

ஐயா மெக்கானிக்கைப் பார்த்தார். இந்த ஆள் போன முறை என்ன கேட்டு அழுதான் என்பது அவருக்கு நினைவிருந்தது. "ஒரு குழந்தை சிரிக்கிற சத்தம் கேக்குது. பொட்டைப் புள்ளை. உள்ள மாட்டிக்கிட்டு, அப்பா அப்பான்னு கூப்பிடுது."

மெக்கானிக் உடைந்துபோனார். அத்தனை பேர் முன்னால் தேம்பினார். "அதுதாங்க ஐயா! அதுதான் எனக்கு வேணும்!"

அவர் அழுததைப் பார்த்ததும் மனைவிக்குச் சிரிப்பு போய்க் கோபம் வந்தது. விறுவிறுவென்று மேடை ஏறினார். ஐயாவின் மடியிலிருந்த பையைப் பிடுங்கி, கயிற்றை அவிழ்த்து, உள்ளே இருந்ததை எடுத்துக் கணவர் கையில் கொடுத்தார்.

"ஆன் பண்ணுங்க."

மெக்கானிக் பொத்தானை அழுத்தினார். அமுங்கவில்லை. பொத்தான்போல் வார்த்த பிளாஸ்டிக். திரையைத் தடவினார். திரையும் இல்லை, திரை மாதிரி ஒட்டிய காகிதம். ஓரத்தில் பாப்பாவின் பல் தடம் இருந்தது.

"இது... பாப்பாவோடதுல்ல?"

"ஆமா. போன் கடையை மூடினப்ப, கண்ணாடிப் பெட்டியில பார்வைக்கு வெச்சிருந்த பொம்மைப் போனையெல்லாம் புள்ளைங்களுக்குக் குடுத்தாங்களே, அது. இதுதான் மத்தியானத்துல சூடாகுதாம்."

ஐயா லேசுப்பட்டவரா? கையை உயர்த்தினார். "நம்பிக்கை இல்லாத கை பட்டுடுச்சு! அதனாலதான் உள்ள இருந்ததெல்லாம் ஓடிப்போச்சு!"

பின்வரிசையில் ஒருவர், "இருக்கும், இருக்கும்" என்று தலையாட்டினார். எந்தக் கூட்டத்திலும் அப்படி ஒருவர் இருப்பார்.

அப்போதுதான் மெக்கானிக்கின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அங்கே எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும். பொம்மையின் விளிம்பில் செருகி நெம்பினார். இரண்டாகப் பிளந்தது. எடைக்காக வைத்த ஓர் இரும்புத் தகடு 'ணங்' என்று மேடையில் விழுந்தது. அதைத் தவிர உள்ளே காற்றுத்தான் இருந்தது.

"இதுக்குள்ளயா என் புள்ளை சிரிச்சா?" என்று கேட்டார்.

ஐயா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். மெக்கானிக் அவரைத் தாண்டிப்போய், லிஃப்ட் பலகையைக் கழற்றுவதுபோல் திரையைப் பிடித்து இழுத்தார். கம்பியோடு வந்தது.

பின்னால் ஒரு நீள மேசை. மேசையின் இடது கோடியில் சீடன் ஒருவன் வந்த போன்களைப் பையிலிருந்து எடுத்து, அவற்றில் இருந்ததையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தான். நடுவில் ஒருத்தி துடைத்துப் புது உறை மாட்டிக்கொண்டிருந்தாள். வலது கோடியில் இன்னொருவன் அவற்றை வலது வாசல்காரர்களுக்கு எடுத்து நீட்டிக்கொண்டிருந்தான். வலது வாசலில் வந்தவை இதேபோல் இடது பக்கம் போய்க்கொண்டிருந்தன. இவனுடைய பாவம் அவனுக்கு வரம். அவனுடைய பாவம் இவனுக்கு வரம். இரண்டு பேரிடமும் காணிக்கை!

"அப்ப அந்த வேகம்?" என்று யாரோ கேட்டார்.

உறை மாட்டிக்கொண்டிருந்தவள் பயத்தில் உண்மையைச் சொல்லிவிட்டாள். "எல்லாத்தையும் அழிச்சிட்டா எந்தப் போனும் வேகமாத்தாங்க இருக்கும்."

மெக்கானிக் கூரியர்காரரைத் திரும்பிப் பார்த்தார். "அந்த உறையைக் கழட்டுடா."

கழற்றினார். மூலையில் ஒரு நசுங்கல். என்றோ ஒருநாள் லிஃப்ட் குழிக்குள் விழுந்து வாங்கிய நசுங்கல். தன் கையிலேயே வாங்கிப் பார்த்து, நல்ல போன் என்று வாழ்த்திய போன், தன்னுடைய போன்! கூரியர்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "அண்ணே, எனக்குத் தெரியாதுண்ணே. வாங்கும்போதே சுத்தமா ஒண்ணும் இல்லைண்ணே."

அந்த நசுங்கலை மெக்கானிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ஐயாவை அதற்குள் இரண்டு வாசல்காரர்களும் சேர்ந்து பிடித்துவிட்டார்கள். இரண்டு கரையும் ஒன்றாகச் சேர்ந்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி நிஜப் போனை எடுத்து அவரிடம் கொடுத்தார். "இது எதனால நிக்குதுன்னு பாருங்க. உங்க வேலைதானே."

மெக்கானிக் திறந்து பார்த்தார். இடமே இல்லாமல் அடைத்துக்கொண்டு கிடந்தது. பூவோடு ஒரு 'இனிய காலை வணக்கம்'. சூரியனோடு ஒரு 'இனிய காலை வணக்கம்'. காபிக் கோப்பையோடு, பறவையோடு, பனித்துளியோடு. கூடவே, போனில் தோஷம் இருப்பதை அறிய எளிய வழிகள் என்று ஐயா பேசிய நீளநீளமான வீடியோக்கள். அனுப்பியவர் யார் என்று பார்த்தார். ஒரே ஆள்தான்.

"நான்தானா?"

"வேற யாரு? பக்கத்து அறையில இருந்து எனக்கு வணக்கம் சொல்றது நீங்க ஒருத்தர்தான்."

உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தார். கரையேற்றமும் இல்லை, காணிக்கையும் இல்லை. அழித்து முடித்துப் பாப்பாவின் சிரிப்பைத் தொட்டதும் வட்டம் சுற்றாமல் திறந்தது. பல்லில்லாத வாயைத் திறந்து பாப்பா சிரித்தாள். மெக்கானிக் மறுபடி அழுதார். இந்த முறை அழுததில் யாருக்கும் லாபம் இல்லை.

பாப்பா வந்து கையை நீட்டினாள். பிளந்த பொம்மையைச் சேர்த்து ஒட்டிக் கொடுத்தார்.

"பாப்பா, இது போன்தானே?"

அவள் அப்பாவை ஒரு மாதிரி பார்த்தாள். "பொம்மைப்பா. பட்டன் அழுத்திப் பாருங்க, வராது."

அந்த மண்டபம் நிறைய நின்ற பெரிய மனிதர்கள் யாருக்கும் தோன்றாத யோசனை அது. உங்களுக்குத் தோன்றியிருக்குமா? அடுத்த ஐயா எங்கோ மண்டபம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கையில் பையைக் கொடுப்பதற்கு முன்னால், ஒரே ஒரு தடவை, பொத்தானை அழுத்திப் பாருங்கள்.